இது ஜென்யூன் அழுகையா மா, சிம்பதி அழுகையா?

செங்காங்அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். இவ்ளோ நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னிக்கி கேக்காம இருக்க முடியல.

போன வியாழக்கிழம எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை. அவரு தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கு போக டிக்கெட் போடறதுல ஆரம்பிச்சுது, அது எங்கெங்கயோ சுத்தி, எங்கம்மா தவறினப்ப அவர் ரெண்டே நாள் தான் லீவு போட்டாருங்கிறதுல வந்து நின்னுச்சு. நான் அடுப்படியில நின்னு அழுதுட்டேன், அவர் கதவ படார்னு சாத்திட்டு கீழ கோப்பிகடைக்கு போயிட்டார். பொண்ணு செகண்டரி ஒன், பதிமூணு வயசு. ரூம்லேந்து வந்து ஃப்ரிட்ஜ தொறந்து மைலோ பாக்கெட் எடுத்து ஸ்ட்ரா குத்திக்கிட்டே கேக்குறா, கிண்டலா கூட இல்ல, நிஜமாவே தெரிஞ்சிக்கணும்ங்கிற மாதிரி: "மா, இது ஜென்யூன் அழுகையா, சிம்பதி அழுகையா?"

எனக்கு அழுகை அப்படியே நின்னு போச்சு.

எங்கேந்து வந்துச்சுன்னு தெரியும். அவளும் என் மாமியாரும் பிக் பாஸ் பாப்பாங்க. இந்தியாவுல ராத்திரி ஒன்பதரைக்கு போடறது சிங்கப்பூர்ல நமக்கு நடுராத்திரி பன்னண்டு, அதனால மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் சோபாவுல உக்காந்து, புடிச்ச சண்டைய ஓட்டி ஓட்டி பாப்பாங்க. தமிழ் காதுல விழுதே, ஓரல் பரீட்சைக்கு ஆகுமேன்னு நானே உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டிருக்கேன் (ஆமா சிரிங்க). ஆனா அன்னிக்கு அப்பறம் தான் காத தீட்டிக்கிட்டு கேக்க ஆரம்பிச்சேன். கிளாஸ்ல ஒரு பொண்ணு "சேஃப் கேம் ஆடறா". திட்டுன டீச்சர் "ஓவர் ஆக்டிங்". என் நாத்தனார் "முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு". ஒம்பதாவது மாடி ஆன்ட்டி லிஃப்ட்ல ரெண்டு வார்த்த பேசுனா "கன்டென்ட் குடுக்கறாங்க". யோசிச்சு பாத்தா இது எல்லாமே பொம்பளைங்கள பத்தி. கிளாஸ் பசங்கள பத்தி, மாமாவ பத்தி இப்படி ஒண்ணு சொல்லி நான் கேட்டதே இல்ல. அன்னிக்கு கதவ சாத்திட்டு போனது அவ அப்பா தான, அவர்கிட்ட போய் "பா, நீங்க வாக்அவுட் பண்ணது ஸ்ட்ராட்டஜியா"ன்னு கேக்கலயே.

நிறுத்திடலாம்னா மாமியாருக்கு அது தான் துணை, பகல் முழுக்க தனியா இருக்காங்க. நிறுத்தாம இவகிட்ட எப்படி பேசறது? உங்க வீட்டுலயும் இப்படி தானா?

ஈஷூன்மாமா:

சிஸ்டர், இதுக்கெல்லாம் டென்ஷன் ஆனா எப்படி லா. அது ஒரு கேம் ஷோ. உள்ள போறவங்க யாரையும் கட்டி இழுத்துட்டு போகல, கையெழுத்து போட்டு சம்பளம் பேசி தான் போறாங்க. ஆம்பளைங்களையும் தான் கழுவி ஊத்துறாங்க, அத யாரும் பேசறதில்ல. பொம்பளைங்கள மட்டம் தட்டுற ஷோன்னா 2018ல ரித்விகா எப்படி ஜெயிச்சாங்க? ஏழாவது சீசன்ல அர்ச்சனா வைல்ட் கார்டுல பாதியில உள்ள வந்து டைட்டிலயே தூக்கிட்டு போனாங்களே? மக்கள் ஓட்டு தான அது.

எனக்கும் ரெண்டு பொண்ணு. பாக்குறாங்க, நல்லா தான் இருக்காங்க. புள்ள ஏதோ கேட்டுச்சு, விட்டுட்டு போங்க.

டைம்லைன்தம்பி:

அண்ணே, கையெழுத்து போட்டாங்க சரி. எதுக்கு போட்டோம்னு அவங்களுக்கே ஒளிபரப்பு அன்னிக்கு தான் தெரியும்.

நான் நாலு வருஷம் இந்த மாதிரி ஷோக்கு எடிட்டிங் பண்ணவன். எந்த ஷோ எந்த கம்பெனி எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இப்ப இங்க ஆபீஸ்களுக்கு சேஃப்டி ட்ரெய்னிங் வீடியோ வெட்டிட்டு நிம்மதியா தூங்குறேன்.

ஃபுட்டேஜ் வரதுக்கு முன்னாடியே எங்களுக்கு ஒரு ஷீட் வரும். ஆளுக்கு ஒரு வரி. அதுல ஆம்பளைங்களுக்கு என்ன வேல செய்யறாங்க, எதுக்கு வந்திருக்காங்கன்னு இருக்கும். "டெலிவரி ரைடர், அம்மா கடன அடைக்கணும்". "ஜிம் ட்ரெய்னர், ஜெயிச்சே ஆகணும்". பொம்பளைங்களுக்கு குணம் மட்டும் தான். "வாயாடி". "அப்பாவி". "கிளாமர்". "எல்லாருக்கும் அம்மா". ஒரு பொண்ணு சிவில் இன்ஜினியர், பாலம் கட்டுற வேல, அவளுக்கு எதிர்ல எழுதியிருந்தது "திமிரு". அவ வாய தொறந்து ஒரு வார்த்த பேசறதுக்கு முன்னாடி எழுதுனது அது.

அவள பத்தி தான் சொல்லணும். ஒரு டாஸ்க் முடிஞ்சதும் அவ கண்ண உருட்டி மேல பாத்தா. ஏன்னா மைக் பேட்டரி மாத்த வந்தவர் மூணாவது தடவையா வயர புடிச்சு இழுத்தார், அவ்ளோ தான் விஷயம். நான் அந்த மூணு செகண்ட தனியா எடுத்து வெச்சிக்கிட்டேன், எப்பவாவது ஆகும்னு. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு பொண்ணு அவங்க அப்பா செத்த கதைய சொல்லி தேம்பி தேம்பி அழுவுது, அந்த அழுகைக்கு நடுவுல இந்த கண்ண உருட்டுறத வெச்சேன். கீழ ஒரு "டொய்ங்" சவுண்டு. யாரும் வைக்க சொல்லல. நானே வெச்சேன், பாத்த சீனியர் முதுகுல தட்டி குடுத்தார். ஷோ போன மூணாவது நாள் அவ இன்ஸ்டாகிராம் பக்கத்த போய் பாத்தேன், கமென்ட்ட மூடிட்டா. மூடறதுக்கு முன்னாடி வந்தத எல்லாம் படிச்சேன். அத இங்க எழுத வேணாம்.

ஆம்பளைங்களுக்கு இத பண்ணலயான்னா, பண்ணோம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அது எனக்கே வேலைய விட்டப்பறம் தான் புரிஞ்சுது. ஆம்பள கத்துனா, அவன் ஏன் கத்துனான்னு முன்கதைய ரெண்டு நிமிஷம் போட்டுட்டு தான் கத்தறத போடுவோம். பொம்பள கத்துனா கத்தறதுலேந்தே ஆரம்பிப்போம். முன்கதை எப்பவும் நீளம், யாரோ யார்கிட்டயோ மெதுவா ஏதோ சொல்லியிருப்பாங்க, பாத்திரம் கழுவற முறையில ஏமாத்தியிருப்பாங்க, ப்ரோமோவுக்கு ஆகாது. பொம்பளைங்கள மட்டம் தட்டுவோம்னு யாரும் மீட்டிங் போட்டு முடிவு பண்ணல அண்ணே. மணி ராத்திரி ரெண்டு, காலையில ப்ரோமோ போகணும், கைக்கு பழகுன வெட்டு அது.

அக்கா, உங்க பொண்ணுக்கு சொல்லி குடுக்க ரெண்டு விஷயம் இருக்கு. பேசறவங்க மூஞ்சி தெரியாம குரல் மட்டும் வந்துச்சுன்னா, மத்தவங்க மூஞ்சிய காட்டிட்டு இருந்தா, அங்க வார்த்தைய ஒட்டியிருக்கலாம். ரெண்டு தனித்தனி வாக்கியத்த வெட்டி ஒரே வாக்கியமா ஆக்கறதுக்கு அது தான் வசதி, இங்கிலீஷ்காரன் இதுக்கு ஃப்ராங்கன்பைட்டுன்னு பேரே வெச்சிருக்கான். அப்பறம் பின்னாடி இருக்கற சாமான பாக்க சொல்லுங்க. கிளாஸ், துண்டு, முடி கட்டியிருக்கற விதம். ஒரே ஒரு தடவ சத்தத்த நிறுத்திட்டு பாருங்க. மியூசிக் இல்லாம வில்லிய கண்டுபுடிக்கிறது ரொம்ப கஷ்டம்.

ரசம்_ஊத்துனவ:

தம்பி சொன்னத படிச்சதும் வயித்துல என்னமோ பண்ணுது.

நான் இருபத்தி ரெண்டு வயசுல ஒரு பாட்டு போட்டியில கலந்துக்கிட்டேன், எதுன்னு வேணாம். ஒரு ரவுண்டு தாண்டுனதும் வீட்டுக்கு வந்து ஷூட் பண்ணாங்க, பிடோக்ல எங்க மூணு ரூம் வீடு. வந்ததும் முதல் கேள்வி "அப்பா டாக்ஸி தான ஓட்டுறாரு, ரொம்ப கஷ்டமா?" இல்லங்க, நல்லா தான் இருக்கோம்னேன். கேள்வி கேட்ட அக்காவுக்கு மூஞ்சி தொங்கி போச்சு. கஷ்டம் கிடைக்காததால குடும்பப் பாங்குக்கு போயிட்டாங்க. "தம்பிக்கு சாப்பாடு பரிமாறுங்களேன், நேச்சுரலா." எங்க வீட்ல யாரும் யாருக்கும் பரிமாற மாட்டோம், அவனவன் தட்ட எடுத்து போட்டுட்டு டிவி முன்னாடி உக்காருவான். ஆனா கேமரா ஓடுது, லைட்ட புடிச்சிட்டு ஒருத்தர் வேர்வையில நிக்கறாரு, பாவமா இருந்துச்சு. ரசத்த ஊத்துனேன். நாலு டேக். தம்பி நாலு தடவ ரசம் சாதம் சாப்ட்டான். டிவியில வந்தப்ப பின்னாடி வாய்ஸ் ஓவர், வீட்டுக்கு அடங்குன பொண்ணு, குடும்பம் தான் உலகம், அப்படி இப்படின்னு. அதே எபிசோட்ல ஒரு பையனுக்கு போட்டது ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு கீபோர்டு முன்னாடி உக்காந்து அரேஞ்ச்மென்ட் பண்ற ஷாட்டு. நானும் கீபோர்டு வாசிப்பேன். அது ரூம்ல தான் இருந்துச்சு, துணி காய போட்டு வெச்சிருந்தோம்.

ரெண்டாவது ரவுண்டுல கல்யாணி ராகத்துல ஒரு பாட்டு பாடுனேன். சரணத்துல மேல போறப்ப சுருதி விலகிடுச்சு, எனக்கே தெரிஞ்சுது. ஜட்ஜ் சொன்ன முதல் கமென்ட்டு, புடவ கலர் ரொம்ப நல்லா இருக்கும்மா. எனக்கு முன்னாடி பாடுன பையனுக்கு மூச்ச எங்க எடுக்கணும்னு மூணு நிமிஷம் விளக்குனார். அத கேட்டுட்டு தான் நான் மேடைக்கு போனேன். அந்த மூணு நிமிஷம் எனக்கு கிடைச்சிருந்தா இன்னிக்கும் ஆகியிருக்கும்.

ஆனா ஓட்டு விஷயத்துல நம்மளயும் சொல்லணும். சிங்கப்பூர் ஐடல் 2004, 2006, 2009, மூணு தடவையும் ஜெயிச்சது பசங்க தான். தவுஃபிக், ஹாடி, சேசாய்ரி. நல்லா பாடுனாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா உக்காந்து விழுந்து விழுந்து டெக்ஸ்ட் அனுப்புனது நானும் என் செகண்டரி ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸும் தான், பாடுன பொண்ணுங்கள பத்தி நாங்க பேசுனது எல்லாம் "அவ என்ன டிரஸ் போட்டிருக்கா பாரு".

தம்பிக்கு இப்ப கல்யாணமாகி குழந்தையே இருக்கு. இன்னும் பொங்கலுக்கு வந்தா தட்ட நீட்டிட்டு "அக்கா, ரசம், கேமரா ரோலிங்"ங்கிறான்.

புக்கிட்பாத்தோக்கவி:

ஈஷூன்மாமா, ரித்விகா அர்ச்சனா ரெண்டு பேரயும் சொன்னீங்க. முதல் எட்டு சீசன்ல ஜெயிச்ச பொம்பளைங்க அந்த ரெண்டு பேரு மட்டும் தான். மிச்சம் ஆறும் ஆம்பளைங்க, அதுல ஒண்ணு நம்ம பக்கத்து வீட்டு மலேசியாக்கார முகேன், அவருக்கு நானும் தான் கை தட்டுனேன். நீங்க சொன்ன கணக்கு உங்க பக்கம் வரல.

எனக்கு வேற ஒரு விஷயம் தான் மண்டைய கொடையும். 2019ல மூணாவது சீசன்ல வனிதா விஜயகுமார் தான் எல்லாருக்கும் வில்லி, அவங்க குரல் கேட்டாலே எங்க வீட்ல ரிமோட்ட தூக்குவாங்க. அந்த சீசன் முடிஞ்சது அக்டோபர்ல. நவம்பர்ல அதே சேனல்ல குக்கு வித் கோமாளி ஆரம்பிக்குது, அதே வனிதா, ஒரு கோமாளிய பக்கத்துல வெச்சிக்கிட்டு திட்டிக்கிட்டே சமைக்கிறாங்க, முதல் சீசன் டைட்டிலும் அவங்களுக்கு தான். அப்ப எங்கம்மா சொல்றாங்க "பாவம்டா, மனசுல ஒண்ணும் இல்லாதவ". அதே வாய், அதே திட்டு மா! கீழ போட்ட மியூசிக்கு தான் வேற, அடுப்படியும் வேற. பொம்பள அடுப்புக்கு முன்னாடி நின்னு கத்துனா காமெடி, ஹால்ல நின்னு கத்துனா வில்லி போல.

2018ல ஆர்யாவுக்கு பொண்ணு தேடுன ஷோ ஒண்ணு வந்துச்சே, பதினாறு பொண்ணுங்க, வாராவாரம் ஒருத்தர அழ வெச்சு அனுப்பி, கடைசியில அவர் யாரயும் தேர்ந்தெடுக்கல. பதினாறு ஆம்பளைங்கள நிக்க வெச்சு ஒரு நடிகை அப்படி எழுந்து போயிருந்தா என்ன பேசியிருப்போம்? விடுங்க.

இது தமிழ் டிவி வியாதி மட்டும் இல்ல. இங்கிலாந்துல ஜேட் கூடின்னு ஒரு பொண்ணு. 2002ல நம்ம பிக் பாஸ் மாதிரியான பிக் பிரதர் வீட்டுக்குள்ள போறப்ப பல் டாக்டர் கிட்ட நர்ஸா இருந்தவங்க. உடம்ப வெச்சும், பொது அறிவு இல்லன்னும், அந்த ஊர் பத்திரிக்கைங்க கிழிச்சு தொங்க விட்டுச்சு. 2007ல பிரபலங்கள் சீசன்ல அதே வீட்டுக்குள்ள ஷில்பா ஷெட்டிய அவங்க இழிவா பேசினது உலகம் முழுக்க சண்டையாச்சு, அங்க கண்காணிக்கற அமைப்புக்கு 40,000க்கு மேல புகார். பேசினது தப்பு தான், அதுல மாத்து கருத்து இல்ல. ஆனா வாய்க்கு வந்தத பேசற ஆளுன்னு தெரிஞ்சு தான மறுபடி கூட்டிட்டு வந்தாங்க. அடுத்த வருஷம் ஷில்பாவே தொகுத்து வழங்குன ஹிந்தி பிக் பாஸுக்கு ஜேட் வந்தாங்க, அந்த வீட்டுக்குள்ள இருக்கறப்ப தான் கர்ப்பப்பை வாய் புற்றுநோய்னு செய்தி வருது. 2009 மார்ச்ல போய் சேந்துட்டாங்க, வயசு 27. அவங்க கதைக்கு அப்பறம் தான் அங்க நெறைய பொம்பளைங்க அந்த டெஸ்ட்டுக்கு போனாங்கன்னு சொல்வாங்க. ஏழு வருஷத்துல ஒரே பொண்ணு முட்டாள், ராட்சசி, தியாகின்னு மூணு வேஷம் போட்டாச்சு. மூணும் தலைப்புச் செய்தி.

தேக்காபாட்டி:

எனக்கு எழுபத்தோரு வயசு. பேசினா எழுதற மாதிரி பேரன் போன்ல வெச்சு குடுத்திருக்கான் தப்பு இருந்தா மன்னிக்கவும்.

நீங்கள்லாம் டிவிய சொல்றீங்க. நாங்க டிவி இல்லாமயே பண்ணினோம்மா. குவீன்ஸ்டவுன்ல இருந்தப்ப சாயங்காலம் ஆனா புளோக்குக்கு கீழ நாலஞ்சு பேரு உக்காருவோம். நாலாவது மாடில ஒருத்தி இருந்தா. நர்ஸு வேல. ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு காலையில ஏழு மணிக்கு வருவா. உதட்டுல சாயம் இருக்கும். அவள நாங்க பேசாத பேச்சில்ல. எனக்கு பிரசவத்துக்கு அப்பறம் காய்ச்சல் வந்து படுத்தப்ப மூணு நாள் வந்து பாத்துக்கிட்டவ அவ தான். அப்பவும் கீழ போய் உக்காந்தா பேசத்தான் செஞ்சேன். எடிட்டிங் தம்பி நீ மட்டும் தான் வெட்டி ஒட்டினன்னு நெனச்சுக்காத.

நானும் பிக் பாஸ் பாக்கறேன். ஏன் பாக்கறேன்னா எங்க வீட்ல யாரும் சத்தமா பேசறதில்ல. எல்லார் கையிலயும் போன். நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேந்து ஒரு தடவ கூட யாரையும் எதுத்து கத்தினதில்ல. அதுல தான் ஒருத்தி வாய தொறந்து நியாயம் கேக்கறா. எல்லாரும் அவள சண்டைக்காரிங்கறாங்க. எனக்கு அவள தான் புடிக்குது.

செங்காங்கு மகளே உன் மாமியார் யாரு பக்கம்னு கேட்டுப்பாரு. பதினஞ்சு வருஷம் கூட இருந்திருப்ப. கேட்டிருக்க மாட்ட.

ஈஷூன்மாமா:

மைக் வயர் கதை கொஞ்சம் உறுத்துது தம்பி.

நேத்து இத வீட்டுக்காரிகிட்ட படிச்சு காமிச்சேன். அவ சொல்றா, "நீங்க நியூஸ்ல பார்லிமென்ட்ல ஒரு அம்மா கொஞ்சம் அழுத்தி பேசினாலே ஓவரா பண்றான்னுவீங்களே, அது எந்த சேனல்ல கத்துக்கிட்டது." பதில் சொல்லல. சொன்னா ஓவரா பண்றேன்னுவா.

செங்காங்அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். சனிக்கிழம நடந்தத சொல்லிடறேன்.

பாட்டிம்மா, கேட்டேன். பதினாறு வருஷம், கேட்டதில்ல தான். என் மாமியார் பட்டுன்னு சொன்னது பிக் பாஸ் வீட்டுல எல்லாரும் கரிச்சு கொட்டுற பொண்ணோட பேர. "அவ ஒருத்தி தான் சோறு எல்லாருக்கும் சமமா வந்துச்சான்னு பாக்குறா"ன்னாங்க. என் பொண்ணுக்கு ஷாக். இவ்ளோ நாள் பக்கத்துல உக்காந்து அவளுக்கே தெரியல, ஏன்னா பேசறது எல்லாம் இவ, பாட்டி உம் கொட்டுறதோட சரி.

அப்பறம் தம்பி சொன்ன மாதிரி முதல் பத்து நிமிஷம் சத்தத்த நிறுத்திட்டு பாத்தோம். மொதல்ல போர் போர்னு கத்துனா. திடீர்னு சோபாவுலேந்து எழுந்து டிவி கிட்ட போயிட்டா. "மா, அவங்க அழ ஆரம்பிக்கறப்ப கிளாஸ்ல தண்ணி பாதி தான் இருக்கு. அழுது முடிக்கறப்ப ஃபுல்லு!" ரிவைண்ட் பண்ணி நாலு தடவ பாத்தோம். ஃபுல்லு தான். அப்பறம் பாக்கி எபிசோட் முழுக்க அவ யார் மூஞ்சியையும் பாக்கல, டம்ளர், தலகாணி, துண்டுன்னு தேடிக்கிட்டே இருந்தா. மாமியார் கடுப்பாகி "கதைய பாக்க விடுங்கடி"ன்னு ரிமோட்ட புடுங்கிட்டாங்க.

ராத்திரி படுக்கறப்ப அன்னிக்கு அவ கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல ட்ரை பண்ணேன். அவ ஆயா, அதாவது எங்கம்மா, செத்தது, அப்பா ரெண்டு நாள்ல கிளம்பி வந்தது, நான் தனியா பதினாறாம் நாள் வரைக்கும் இருந்தது, எல்லாத்தயும் சொன்னேன். கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. "எனக்கு தெரியாது மா. நான் ஹெட்ஃபோன் போட்டிருந்தேன். கழட்டறப்ப நீங்க டிக்கெட் டிக்கெட்னு கத்துனது தான் கேட்டுச்சு."

தம்பி, நீங்க சொன்ன முன்கதை தான் அப்ப ஞாபகம் வந்துச்சு.

டிக்கெட் இன்னும் போடல. நாங்க சண்ட போட்ட இந்த பத்து நாள்ல ஆளுக்கு நூத்தி இருபது வெள்ளி ஏறியிருக்கு, அத அவர்கிட்ட யாரு போய் சொல்றதுன்னு தான் இப்ப வீட்ல பேச்சு.